நெருப்பும் ரம்பமும் விதைப்பையும்

ஒரு காடு பச்சைப்பசேலென்று இருக்கும்போதே செத்துக்கொண்டும் இருக்கலாம். அமெரிக்காவின் சிகாகோ நகருக்கு வடமேற்கே, சிகாகோ ஆற்றின் வடக்குக் கிளையை ஒட்டியிருக்கும் ஓக் தோப்புகளுக்கு 1970களில் அதுதான் நேர்ந்துகொண்டிருந்தது. தலைக்கு மேலே பல தலைமுறை கண்ட ஓக் மரங்கள். அவற்றின் காலடியில் ஆள் நுழைய முடியாத அடர்த்தியில் புதர். சாலையில் காரில் போகிறவர்களுக்கு அது செழிப்பான காடு. குனிந்து தரையைப் பார்த்தவர்களுக்குத்தான் உண்மை தெரிந்தது. விழுந்த ஓக் கொட்டைகள் முளைத்தாலும், இளமரமாகும் வயதைத் தாண்டியவை அரிதாகவே இருந்தன. பிள்ளைகளே இல்லாத ஊரைப்போல, அந்தத் தோப்புகள் இருக்கும்வரை இருந்துவிட்டுப் போகும் நிலையில் இருந்தன.

அந்த நிலங்கள் எவருடைய தனிச்சொத்தும் இல்லை. குக் கவுன்டி மக்கள் 1914இல் வாக்களித்து ஒரு வனக்காப்பு அமைப்பை ஏற்படுத்தினார்கள். பொதுப் பணத்தில் அது வாங்கிச் சேர்த்த நிலம் இன்று ஏறத்தாழ 70,000 ஏக்கர். பெருநகரம் ஒன்றின் மடியில் இவ்வளவு நிலத்தைக் கட்டடங்களிடமிருந்து காப்பாற்றியது பெரிய சாதனை. ஆனால், நிலத்தை வாங்கிப் பூட்டிவிட்டால் போதும், மற்றதை இயற்கை பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையும் அதனுடன் சேர்ந்தே இருந்தது. அந்த நம்பிக்கைக்கு எதிராக, சம்பளம் வாங்காமல் வார இறுதிகளில் வந்து வேலை செய்த சாதாரண மக்கள் என்ன செய்தார்கள், அவர்களிடமிருந்து சூழலியல் என்ன கற்றுக்கொண்டது என்பதே இந்த அத்தியாயம்.

உழுது தீர்த்த நிலம்

இல்லினாய் மாநிலத்தைப் பிரெய்ரி மாநிலம் என்றுதான் அழைப்பார்கள். ஆளுயரப் புற்களும் நூற்றுக்கணக்கான பூச்செடிகளும் கலந்து வளரும் சமவெளிதான் பிரெய்ரி. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த மாநிலத்தில் சுமார் 2.2 கோடி ஏக்கர் பரப்பில் அது விரிந்து கிடந்தது. அதன் பலம் தரைக்கு மேலே இருந்ததைவிடக் கீழேதான் அதிகம். சில செடிகளின் வேர்கள் பத்து, பதினைந்து அடி ஆழம்வரை இறங்கும். பின்னிப் பிணைந்த அந்த வேர்ப்பரப்பும் பிசுபிசுத்த கரிய மண்ணும் பழைய கலப்பைகளைத் திணறடித்தன. 1837இல் கிராண்ட் டீட்டூர் என்ற ஊரில் ஜான் டீர் என்ற கொல்லர், மண் ஒட்டாமல் வழுக்கிச் செல்லும் எஃகுக் கலப்பையைச் செய்தார். அதன்பின் சில பத்தாண்டுகளிலேயே புல்வெளி மக்காச்சோள வயலாயிற்று. தரம் குன்றாமல் இன்று மிஞ்சியிருப்பது பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அதுவும் ரயில் பாதையோரங்களிலும் பழைய கல்லறைத் தோட்டங்களின் மூலைகளிலும் துண்டு துண்டாகக் கிடக்கிறது.

கலப்பை தொடாத இடங்களும் தப்பவில்லை. பொட்டவாட்டமி உள்ளிட்ட பூர்வகுடி மக்கள் புல்வெளிக்கும் ஓக் தோப்புகளுக்கும் அடிக்கடி தீ வைப்பது வழக்கம். வேட்டைக்கு வசதி, நடக்க வழி, விலங்குகளை இழுக்கும் இளம்புல் எனப் பல காரணங்கள். 1833இல் சிகாகோ உடன்படிக்கைக்குப் பின் பொட்டவாட்டமி மக்கள் அந்த நிலத்தைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். அவர்களோடு அந்தத் தீயும் போயிற்று. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தீயோடு சேர்ந்து வளர்ந்த செடிகளும் மரங்களும் பூச்சிகளும் தீயில்லாத நிலத்தில் விடப்பட்டன. மனிதக் கை படாத காடு என்று பிற்காலத்தவர் நினைத்தது, உண்மையில் மனிதக் கை விலகியதால் உருக்குலைந்த காடு.

விதை தேடிப் போனவர்கள்

1977 ஆகஸ்டில் ஸ்டீவ் பேக்கார்டும் சில நண்பர்களும் வடக்குக் கிளை பிரெய்ரித் திட்டம் என்ற பெயரில் ஒரு தன்னார்வக் குழுவைத் தொடங்கினார்கள். பேக்கார்டு உயிரியலில் பட்டம் பெற்றவரல்லர். வியட்நாம் போர் எதிர்ப்பு இயக்கத்தில் ஈடுபட்டிருந்தவர். ஆற்றங்கரைக் காடுகளைச் சுற்றிவருகையில், புதர்களுக்கு நடுவே மூச்சுத் திணறிக்கொண்டிருந்த சின்னச் சின்னப் பிரெய்ரித் துண்டுகள் அவர் கண்ணில் பட்டன. வனக்காப்பு அமைப்பிடம் அனுமதி பெற்று அவற்றைப் பராமரிக்கத் தொடங்கினார்கள்.

அவர்களுக்கு முன்னோடிகள் இருந்தார்கள். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் தாவரப் பூங்காவில் 1930களின் நடுப்பகுதியிலேயே, ஆல்டோ லியோபால்டு போன்றோர் முயற்சியில், பழைய பண்ணை நிலத்தைப் பிரெய்ரியாக்கும் வேலை தொடங்கிவிட்டது. அங்கே ஜான் கர்ட்டிஸ் 1940களில் செய்த சோதனைகள், தீயில்லாமல் பிரெய்ரி நிலைக்காது என்பதைக் காட்டின. சிகாகோவில் ராபர்ட் பெட்ஸ் என்ற உயிர்வேதியியல் பேராசிரியர், பழைய கல்லறைத் தோட்டங்களைத் தேடித் தேடிப் பிரெய்ரிச் செடிகளைப் பதிவுசெய்துகொண்டிருந்தார். அறிவு இருந்தது. அதை ஏக்கர் கணக்கில் செயல்படுத்தத் தேவையான கைகள்தான் இல்லை. அந்தக் கைகளைத்தான் வடக்குக் கிளைக் குழு கொண்டுவந்தது.

விதை சேகரிப்பு எளிய வேலையாகத் தோன்றும். ஆனால் ஒரு பிரெய்ரியில் நூற்றுக்கும் மேற்பட்ட தாவர இனங்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் விதை முதிரும் காலம் வேறு. சில கோடையின் தொடக்கத்திலேயே உதிர்ந்துவிடும். சில பனிக்காலம் வரை தண்டிலேயே நிற்கும். வயலட் இனத்தின் காய் வெடித்து விதையைத் தூர எறிந்துவிடும். ஒருநாள் முந்தினால் பிஞ்சு, ஒருநாள் பிந்தினால் வெறும் தோல். பூக்காத பருவத்திலும் செடியைத் தண்டையும் இலையையும் வைத்து அடையாளம் காணக் கற்றுக்கொண்டவரால்தான் நல்ல விதை சேர்க்க முடியும். இரண்டு, மூன்று ஆண்டுகள் விதைப்பையோடு நடந்தவருக்கு, எந்தப் பாடப்புத்தகமும் தராத அளவுக்கு அந்த நிலம் பழக்கமாகிவிடும்.

சேகரித்ததை உலர்த்தி, உமி நீக்கி, நிலத்தின் ஈரத்துக்கும் வெளிச்சத்துக்கும் ஏற்பத் தனித்தனிக் கலவைகளாகப் பிரிப்பார்கள். மேட்டு நிலத்துக்கு ஒன்று, சதுப்புக்கு ஒன்று, மர நிழலுக்கு ஒன்று. இந்த விதைகளில் பல, ஈரமும் குளிரும் சேர்ந்த ஒரு குளிர்காலத்தைக் கடந்தால்தான் உறக்கம் கலைந்து முளைக்கும். அதனால் இலையுதிர் காலத்தின் கடைசியிலோ பனி மீதோ தூவிவிடுவார்கள். உழுவதில்லை. இருக்கும் புல்லுக்கிடையே தூவி, தீயும் மழையும் விதையை மண்ணோடு சேர்க்க விடுவதே முறை.

பிறகு காத்திருக்க வேண்டும். பிரெய்ரிச் செடி முதல் சில ஆண்டுகள் வேரை மட்டுமே வளர்க்கும். மேலே ஓரிரண்டு இலைகள்தான் தெரியும். போட்ட விதையெல்லாம் வீண் என்று தோன்றும் காலம் அது. சில இனங்கள் பத்தாண்டு கழித்தே பூக்கும். உயரப் புற்கள் மற்றவற்றை அமுக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளச் சில அரை ஒட்டுண்ணிச் செடிகளையும் கலந்து விதைப்பார்கள். இவை பக்கத்துப் புல்லின் வேரைத் துளைத்துச் சத்தை உறிஞ்சும். புல் தளரும் இடத்தில் பூச்செடிகளுக்கு இடம் கிடைக்கும். ஒட்டுண்ணி என்ற சொல்லைக் கேட்டதும் நோயை நினைக்கிறோம். ஒரு புல்வெளியின் பன்மைக்கு அது காவல்.

பக்தார்ன் என்னும் எதிரி

ஓக் தோப்புகளை அடைத்திருந்த புதரில் பெரும்பகுதி பக்தார்ன். ஐரோப்பாவிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் உயிர்வேலிக்காகக் கொண்டுவரப்பட்ட குறுமரம். இன்று சிகாகோ வட்டாரத்தில் எண்ணிக்கையில் மிக அதிகமாக இருக்கும் மரவகை இதுதான்.

அது எப்படி வென்றது என்பதைப் பார்த்தால், ஓர் அயல் தாவரம் ஆக்கிரமிக்கும் விதம் முழுவதும் விளங்கும். வசந்தத்தில் உள்ளூர் மரங்கள் தளிர்க்கும் முன்பே பக்தார்ன் இலை விட்டுவிடுகிறது. இலையுதிர் காலத்தில் மற்றவை மொட்டையான பின்னும் பச்சையாக நிற்கிறது. ஓக் தளிர்க்குமுன் கிடைக்கும் சில வார வெயிலை நம்பிப் பூக்கும் காட்டுத் தரைச் செடிகளுக்கு அந்த வெயில் இல்லாமல் போகிறது. ஓக் கன்றுக்கும் அதே கதி. பக்தார்னின் கரும்பழங்களைத் தின்னும் பறவைகள் விதையை எங்கும் எச்சமிடுகின்றன.

மண்ணுக்குள் நடப்பது இன்னும் ஆழமானது. பக்தார்ன் இலையில் நைட்ரஜன் அதிகம். அதனால் சருகு வேகமாக மட்கிவிடும். பனிப்பாறைகள் மூடியிருந்த அந்த வட்டாரத்தில் பூர்வீக மண்புழுக்கள் இல்லை. ஐரோப்பியரோடு வந்த மண்புழுக்களுக்கு இந்தச் சருகு நல்ல தீனி. அவை தின்று தீர்த்தபின் தரை வெறும் மண்ணாகக் கிடக்கும். சருகில்லாத தரையில் தீ பரவாது. தீ பரவாத இடத்தில் பக்தார்ன் இன்னும் அடர்த்தியாகும். தன்னை அழிக்கக்கூடிய ஒரே சக்திக்கு வேண்டிய எரிபொருளை அது இப்படி இல்லாமல் செய்துவிடுகிறது. இலையிலும் பழத்திலும் உள்ள எமோடின் என்ற வேதிப்பொருள் குட்டைகளில் கரைந்து, தவளைக் கருக்களைக் குறைபாட்டோடு பொரியச் செய்வதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. அங்கே வசந்தத்தின் தொடக்கத்தில் கத்தும் கோரஸ் தவளை முட்டையிடுவதும், பக்தார்னிலிருந்து அந்தப் பொருள் கசிவதும் ஒரே பருவத்தில்.

ஆகவே குளிர்காலம் வந்தால் வடக்குக் கிளைக்காரர்களின் வேலை ரம்பத்தோடுதான். தரை உறைந்திருப்பதால் மிதிபட்டுச் செடிகள் நசுங்காது. ஒருவர் கைரம்பத்தால் அடியோடு அறுப்பார். அடுத்தவர் அடிக்கட்டையின் வெட்டுமுகத்தில் களைக்கொல்லியைத் தடவுவார். அதற்கு உரிமம் பெற்றிருக்க வேண்டும். தடவாமல் விட்டால் ஒரு தண்டு இருந்த இடத்தில் பத்துத் தண்டு துளிர்க்கும். வெட்டிய கிளைகளைக் குவித்து அங்கேயே கொளுத்துவார்கள். அந்த நெருப்பைச் சுற்றி நின்று குளிர்காய்ந்துகொண்டே, அடுத்த வாரம் எந்தப் பக்கம் வெட்டுவது என்று பேசி முடிப்பார்கள்.

தீ என்னும் கருவி

புல்வெளியைக் கொளுத்துவதற்கு ஒரு நாளைத் தேர்ந்தெடுப்பதே பெரிய கணக்கு. காற்றின் திசை, வேகம், ஈரப்பதம், புகை எந்தக் குடியிருப்பின் பக்கம் போகும் என்பதெல்லாம் ஒத்துவர வேண்டும். பயிற்சி பெற்ற குழுவினர் தீப்பிடிக்காத மஞ்சள் உடையில் நிற்பார்கள். முதுகில் நீர்ப்பை, கையில் தீயை அடித்து அணைக்கும் ரப்பர் மட்டை. காற்று போய்ச் சேரும் பக்கத்து ஓரத்தில் முதலில் தீ வைப்பார்கள். காற்றை எதிர்த்து அது மெதுவாக ஊர்ந்து, கருகிய ஓர் அகலப் பட்டையை உண்டாக்கும். அந்தப் பட்டை போதிய அகலம் ஆனபின்தான் எதிர்ப்பக்கம் பற்றவைப்பார்கள். காற்றோடு ஓடிவரும் உயரமான சுவாலை கருகிய பட்டையைத் தொட்டதும், தின்ன ஏதுமில்லாமல் அடங்கிவிடும்.

பிரெய்ரிப் புல்லின் வளர்முனை தரைக்குக் கீழே பத்திரமாக இருக்கிறது. எரிவது போன ஆண்டின் காய்ந்த தண்டு மட்டுமே. மூடியிருந்த குப்பை நீங்கியதும் கரிபடிந்த தரை வெயிலை வாங்கிச் சீக்கிரம் சூடாகும். வெப்பத்தை விரும்பும் பூர்வீகப் புற்கள் முந்திக்கொண்டு கிளம்பும். மேலே மொட்டு வைத்திருக்கும் இளம்புதர்கள் கருகும். பர் ஓக் மரத்துக்கோ தக்கைபோல் தடித்த பட்டை இருக்கிறது. தீ கடந்துபோகும்போது உள்ளே இருக்கும் உயிர்த்திசு சூடாவதில்லை. ஒரே தீ சிலவற்றைப் பின்னுக்குத் தள்ளுகிறது, சிலவற்றை முன்னுக்கு அழைக்கிறது. அந்தத் தேர்வுதான் பிரெய்ரியையும் ஓக் தோப்பையும் உருவாக்கியது.

தீயில் இழப்பும் உண்டு. தண்டுக்குள்ளும் சருகுக்குள்ளும் குளிர்காலத்தைக் கழிக்கும் பூச்சிகள் எரிந்துபோகும். எல்லையற்ற பழைய புல்வெளியில் பக்கத்திலிருந்து மீண்டும் வந்து சேரும். நகரம் சூழ்ந்த சில ஏக்கரில் எங்கிருந்து வரும்? சிகாகோ வட்டாரத்துப் புல்வெளிகளில் ரான் பான்ஸர் பல ஆண்டுகள் இதைத்தான் ஆராய்ந்தார். எல்லாப் பூச்சிகளுக்கும் தீயால் கேடு இல்லை என்பதும், எண்ணிக்கை குறைந்த இனங்களும் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் மீண்டுவிடுகின்றன என்பதும் அவர் கண்டவை. ஒரு பகுதி எரியாமல் இருந்தால்தான் அங்கிருந்து அவை திரும்பிவர முடியும். அதனால் ஓர் இடத்தை ஒரே நாளில் முழுவதும் கொளுத்தாமல், பகுதி பகுதியாக மாற்றி மாற்றி எரிக்கிறார்கள்.

ஓக் நிழலில் கிடைத்த விடை

குழுவின் மிக முக்கியமான கண்டுபிடிப்பு ஒரு தோல்வியிலிருந்து வந்தது. திறந்த வெளியில் நன்றாக முளைத்த பிரெய்ரி விதைகள், புதர் நீக்கிய ஓக் மரங்களின் கீழே எடுபடவில்லை. நெருக்கமான காட்டுச் செடிகளும் அங்கே பிழைக்கவில்லை. பிரெய்ரியும் இல்லாத, அடர்காடும் இல்லாத இந்த அரைநிழல் யாருடைய வீடு?

பேக்கார்டு தோப்புகளின் ஓரங்களில் தேடினார். பாதையோரத்திலும் வேலியோரத்திலும் ஒதுங்கிக் கிடந்த சில செடிகளை, எந்தச் சமூகத்தையும் சேராத உதிரிகள் என்று பலர் விட்டிருந்தார்கள். குப்பி கழுவும் தூரிகைபோல் கதிர் விரியும் ஒரு புல், பால்வெள்ளை ஜென்ஷியன் போன்றவை. இவற்றின் விதைகளைச் சேர்த்து ஓக் நிழலில் தூவியபோது அவை செழித்தன. அதன்பின் ஒரு பழைய ஆவணம் கைக்குக் கிடைத்தது. இல்லினாயின் அகஸ்டா ஊரில் மருத்துவராக இருந்த சாமுவேல் மீட், 1846இல் தம் பகுதித் தாவரங்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றும் எந்த வகை நிலத்தில் வளர்ந்தது என்றும் குறித்து வெளியிட்டிருந்தார். பிரெய்ரிக்கும் காட்டுக்கும் நடுவே, மரங்கள் விலகி நின்ற நிலத்துக்கென்று அவர் தனி வகை வைத்திருந்தார். அதில் அவர் எழுதிய பெயர்களும் பேக்கார்டு தம் தோப்பில் கண்ட உதிரிகளும் பெரிதும் ஒத்துப்போயின.

ஓக் சவானா என்ற, ஏறக்குறைய மறைந்தே போன ஒரு வாழ்சூழலின் குடும்பப் பட்டியல் இப்படித் திரண்டது. நார்த்புரூக் பகுதியில் இருக்கும் 85 ஏக்கர் சோம் பிரெய்ரித் தோப்பு இதன் சோதனைக்களமாயிற்று. புதர் விலகிய மரங்களுக்கடியில் புல்லும் பூவும் வந்தன. ஓக் கன்றுகள் மீண்டும் தலையெடுத்தன. நீலப்பறவையும் கூப்பர் வல்லூறும் அங்கே திரும்பின. நியூயார்க் டைம்ஸ் அறிவியல் செய்தியாளர் வில்லியம் ஸ்டீவன்ஸ் இந்த முயற்சியைப் பற்றி 1995இல் ஒரு முழு நூலே எழுதினார்.

சவானா என்பது பிரெய்ரியும் காடும் கலந்த கலவைதானா, தனிச் சமூகமா என்று சூழலியலாளர்கள் தொடர்ந்து வாதிட்டார்கள். அந்த வாதம் அறிவியலுக்கு நல்லது. வாதிடுவதற்கான சான்று ஒரு பகுதி, வார இறுதியில் விதை தூவியவர்களின் கைகளிலிருந்து வந்தது என்பதை மறக்கக் கூடாது. பிரித்துப் பார்த்துப் புரிந்துகொள்வது அறிவியலின் ஒரு வழி. இங்கே சேர்த்துக் கட்டிப் பார்த்துப் புரிந்துகொண்டார்கள்.

பல்குத்தும் குச்சியில் ஒட்டும் மகரந்தம்

அக்கறை எவ்வளவு நுணுக்கமாக இருக்க முடியும் என்பதைப் பார்க்க ஓர் ஆர்க்கிட் போதும். விளிம்பில் சரிகைபோல் இழை தொங்கும் வெள்ளைப் பூக்கள் கொண்ட கிழக்குப் பிரெய்ரி ஆர்க்கிட், அமெரிக்க அரசு 1989இல் அருகிவரும் இனமாக அறிவித்த தாவரம். அதன் மணம் இருட்டிய பிறகுதான் கூடும். நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட பெரிய அந்துப்பூச்சிகள் இரவில் தேனுக்கு வரும்போது, மகரந்தத் திரள் அப்படியே அந்தக் குழலில் ஒட்டிக்கொள்ளும். அடுத்த பூவில் அது சேர்ந்தால்தான் காய் பிடிக்கும். புல்வெளிகள் துண்டுபட்டபின் இந்த அந்துப்பூச்சிகளை நம்ப முடியாத நிலை.

அந்த வேலையைத் தன்னார்வலர்கள் செய்கிறார்கள். ஜூன் கடைசியிலும் ஜூலையிலும், பூத்த செடிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, ஒரு பல்குத்தும் குச்சியை மெல்லப் பூவுக்குள் நுழைப்பார்கள். மகரந்தத் திரளின் அடியில் பசைத்தட்டு ஒன்று உண்டு. குச்சி அதைத் தொட்டதும், மஞ்சள் நிறத்தில் ஒரு சிறு கதாயுதம்போன்ற திரள் ஒட்டிக்கொண்டு வெளியே வரும். அதை வேறொரு செடியின் சூலகமுடியில் தடவ வேண்டும். அதே செடியில் தடவினால் மரபு வளம் குன்றும். தடவிய செடிக்கு மான் வாய் வைக்காதபடி கம்பிக்கூண்டு போட்டு, எண் எழுதி, குறிப்பேட்டில் பதிவார்கள்.

ஒரு காயில் தூசிபோல் ஆயிரக்கணக்கான விதைகள் இருக்கும். எதிலும் சேமிப்பு உணவு கிடையாது. மண்ணில் பொருத்தமான பூஞ்சை ஒன்று விதைக்குள் புகுந்து ஊட்டினால்தான் முளைக்கும். பூக்கும் நிலைக்கு வரப் பல ஆண்டுகள். இந்த ஆண்டு குச்சி பிடித்தவர், தம் உழைப்பின் பூவைப் பார்க்க அடுத்த பத்தாண்டின் பக்கம் காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருந்தவர்கள் இருக்கிறார்கள், பூக்களும் வந்திருக்கின்றன.

எண்ணிக்கை இல்லாத அக்கறை

நல்லெண்ணம் மட்டும் இருந்தால், செய்தது பலித்ததா என்று தெரியாது. இதைச் சிகாகோ தன்னார்வலர்கள் சீக்கிரமே உணர்ந்தார்கள். 1987இல் இல்லினாய் வண்ணத்துப்பூச்சிக் கண்காணிப்பு வலையமைப்பு தொடங்கியது. ஒவ்வொருவருக்கும் ஓர் இடம், மாறாத ஒரு பாதை. கோடையில் வெயிலடிக்கும், காற்று குறைந்த நாட்களில் அந்தப் பாதையில் ஒரே வேகத்தில் நடந்து, கண்ணில் படும் ஒவ்வொன்றையும் இனவாரியாகக் குறிக்க வேண்டும். ஒருவரின் ஒருநாள் குறிப்புக்குப் பெரிய மதிப்பில்லை. பலர் பல பத்தாண்டுகள் ஒரே முறையில் எழுதியது, எந்த ஆய்வகமும் பணம் கொடுத்து வாங்க முடியாத தரவு. 2001இல் சிகாகோ தாவரவியல் பூங்கா, அரிய தாவரங்களைத் தன்னார்வலர்களைக் கொண்டு கணக்கெடுக்கும் திட்டத்தையும் தொடங்கியது.

நிலத்தின் தரத்தை அளக்க ஓர் அளவுகோலும் அதே வட்டாரத்தில் பிறந்தது. மார்ட்டன் தாவரப் பூங்காவைச் சேர்ந்த ஃப்ளாய்ட் ஸ்விங்க்கும் ஜெரால்டு வில்ஹெமும் சிகாகோ வட்டாரத்தின் ஒவ்வொரு பூர்வீகத் தாவரத்துக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண் கொடுத்தார்கள். எங்கும் முளைக்கும் செடிக்கு 0. சிதையாத பழைய வாழ்சூழலில் மட்டுமே வாழும் செடிக்கு 10. ஓரிடத்தில் காணப்படும் இனங்களின் சராசரி மதிப்பெண்ணை, இனங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் அந்த இடத்தின் தாவரத் தரம் ஓர் எண்ணாக வரும். வெறும் பச்சை நிறம் இந்தக் கணக்கில் மதிப்பெண் வாங்காது. பக்தார்ன் அடைத்த தோப்புக்கும் மீட்ட தோப்புக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்ணால் மட்டுமன்றி எண்ணாலும் காட்ட முடிந்தது.

அண்டை வீட்டாரின் கேள்வி

1996 இந்த இயக்கத்துக்கு உச்சமும் சோதனையும் ஒருசேர வந்த ஆண்டு. ஏப்ரலில் 34 அமைப்புகள் இணைந்து சிகாகோ வைல்டர்னஸ் என்ற கூட்டமைப்பைத் தொடங்கின. செப்டம்பரில் குக் கவுன்டி வாரியத் தலைவர் ஜான் ஸ்ட்ரோகர், மீட்பு வேலைகள் அனைத்தையும் நிறுத்திவைத்தார். எட்ஜ்புரூக் போன்ற குடியிருப்புகளில் மக்கள் கொதித்துப் போயிருந்தார்கள். பொதுக் காட்டில் மரங்களை ஏன் வெட்டுகிறார்கள்? யாரைக் கேட்டு மருந்து தடவுகிறார்கள்? புகை எங்கள் வீட்டுக்குள் வருகிறதே?

அந்தக் கேள்விகளை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. தினமும் நடைபோகும் பாதையின் பசுந்திரை ஒரு நாள் காணாமல் போனால் மனம் பதறும். அவர்களும் அந்தக் காட்டை நேசித்தவர்கள்தான். தன்னார்வலர்கள் தங்களுக்குள் பேசிய அளவுக்கு வேலிக்கு அப்பால் இருந்தவர்களோடு பேசவில்லை. தடை படிப்படியாகத்தான் தளர்ந்தது. சில இடங்களில் பல ஆண்டுகள் நீடித்தது. வெட்டுவதை நிறுத்திய இடங்களில் பக்தார்ன் மறுபடி எழுந்தது. பொதுநிலத்தில் செய்யும் ஒவ்வொரு வேலைக்கும், செய்வதற்கு முன்பே விளக்கம் தர வேண்டும் என்ற பாடம் அப்படித்தான் ஆழப் பதிந்தது. எரிப்பதற்கு முன் அறிவிப்பு, அக்கம்பக்கத்தாரை அழைத்துச் செல்லும் நடை, கருத்துக்கேட்புக் கூட்டம் ஆகியவை சூழல் மீட்பின் பாகங்களே.

நம் மலைகளும் இதே கேள்வியும்

இந்த அனுபவத்தில் தமிழ்நாட்டுக்கு நேரடியான பொருள் உண்டு. பழனி மலையிலும் நீலகிரியிலும் சோலைக்காடுகளுக்கு இடையே பரந்திருந்த புல்வெளிகளை வீண் நிலம் என்று கருதி, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வாட்டில், யூகலிப்டஸ் மரங்களை நட்டார்கள். பழனி மலைப் புல்வெளிகளில் மூன்றில் இரண்டு பங்கு நாற்பதே ஆண்டுகளில் மறைந்துவிட்டதை, 2018இல் வெளியான செயற்கைக்கோள் பட ஆய்வு காட்டியது. மரம் கூடிய இடத்தில் உயிர் குறையலாம் என்பதற்கு நம் வீட்டு வாசலிலேயே சான்று இருக்கிறது. சமவெளியில் சீமைக்கருவேலம் மூடிய மேய்ச்சல் நிலங்களும் அதையே சொல்கின்றன.

அதற்காகச் சிகாகோவின் மருந்தை இங்கே அப்படியே கொடுக்க முடியாது. அங்கே உயிர் தந்த தீ, நம் சோலைக்காட்டின் ஓரத்தைக் கருக்கிவிடும். வடக்குக் கிளைக்காரர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அவர்களுடைய நெருப்பை அன்று, அவர்கள் கேட்ட கேள்விகளின் வரிசையை. இந்த இடம் முன்பு என்னவாக இருந்தது? எது அதைக் கட்டிக்காத்தது, எது இன்று தடுக்கிறது? நாம் செய்ததால் நிலை மாறியதா?

ஓர் ஊரில் பொதுக் குளக்கரையையோ புறம்போக்குப் புல்வெளியையோ பார்த்துக்கொள்ள நாலுபேர் சேர்ந்தால், முதல் ஆண்டில் கன்று எதையும் நடாமல் இருப்பது நல்லது. மழைக்கு முன்னும் பின்னும் என்னென்ன முளைக்கிறது, எந்தப் பறவை எந்த மாதம் வருகிறது, எங்கே தவளை முட்டையிடுகிறது என்று எழுதட்டும். அங்கே ஆடுமாடு மேய்த்த பெரியவர்களிடம் பழைய நிலையைக் கேட்கட்டும். வருவாய்த்துறை ஆவணங்களில் அந்த நிலத்துக்கு என்ன பெயர் இருந்தது என்று பார்க்கட்டும். இரண்டாம் ஆண்டில் அந்நியக் களையை ஒரு சிறு பகுதியில் மட்டும் அகற்றிவிட்டு, அகற்றாத பகுதியோடு ஒப்பிடட்டும். குறிப்பேட்டை அடுத்து வருபவரிடம் ஒப்படைக்கட்டும்.

பொதுநிலத்தை நேசிப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அந்த நேசம் செடிகளின் பெயர்களைக் கற்று, ஆண்டுதோறும் எண்ணிப் பார்த்து, அண்டை வீட்டாருக்கு விளக்கி, இளையவர்களைப் பழக்கும் அளவுக்கு வளர்ந்தால், போன உயிர்களில் ஒரு பகுதியாவது திரும்பி வரும். சிகாகோவில் அதற்கு அரை நூற்றாண்டுச் சான்று இருக்கிறது. நம் ஊர்களில் அதைத் தொடங்கத் தேவையானது ஒரு குறிப்பேடும், வாரத்தில் அரைநாளும், பல ஆண்டுகள் விடாமல் வரும் சிலரும்தான்.